நீல ஆட்டைப் பற்றி மேக்கணக்கார் சொன்னவை

நிக்கினிப் போயா. மலையில் வேலையில்லை.
மஸ்கெலியாவுக்கு மேலே, மழைக்கு உள்ளே,
புள்ளமடுவச் சுவரில்
தொட்டில் சேலை நாலைத் தைத்துக் கட்டி
இரவல் புரொஜெக்டரில் படம் போட்டேன்.
ஒரு சேலையில் பூ இருந்தது.
முடிவெட்டுகிறவர் கன்னத்தில்
படம் முடியும்வரை ஒரு செவ்வந்தி.

அவர் நிஜ ஆள். மீசை, வியர்வை,
தேய்ந்த சப்பாத்து எல்லாம் நிஜம்.
ஆடு மட்டும் வரைந்தது.
சலூன் காலண்டரிலிருந்து குதித்து
வந்தவன் போனவன் தலைமுடியையெல்லாம்
தின்கிற நீல ஆடு.
பிறகு நாற்காலி பறக்கும்,
மேயரின் தொப்பி புகைபோக்கிக்குள் போகும்.
பாஷை பாதி விளங்கவில்லை.
தொப்பி விளங்கியது.

சாயத்தண்ணி ஊற்றும்போதே தொடங்கிவிட்டார்கள்.

ரெங்கமணி:
"காதை வரைஞ்சவன் ஆடு வளத்தவன்.
கொளம்ப வரைஞ்சவன் வேற ஆளு."

சங்கத்துச் சந்திரகாசன்:
"நாற்காலி பறக்கக் காசிருக்கு,
அவனுக்குச் சப்பாத்து வாங்கக் காசில்ல.
கம்பனிக்காரன் எடுத்த படம்."
தொப்பிக்கு அதிகம் சிரித்தது அவர்தான்.
பக்கத்தில் இருந்தேன், எனக்குத் தெரியும்.

முத்துவீரன் இதை எண்பத்தொன்றில்
ஹட்டனில் பார்த்தாராம். அப்போது ஆடு பச்சையாம்.
யாரும் மறுக்கவில்லை.
மழை கூடியிருந்தது,
ஒரு நிறத்துக்காகச் சண்டைபிடிக்கக்
குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

லொறி ரொசாரி:
"நடுவுல ஒரு பாட்டு வருதே,
அதுல நல்லாத் தூங்கினேன்.
அந்தப் பாட்டுக்காகவே இன்னொருக்கா பாக்கலாம்."

கடைக்காரச் சிரியாவதி நோனா
"ஹரி ஷோக்" என்றார். பிறகு யோசித்து,
"ஆட்டுக்கு ஏன் நிழல் இல்ல?" என்றார்.
திருப்பி ஓட்டிப் பார்த்தோம்.
மேயர் வரும்போது இருக்கிறது,
கதவோரம் போனால் இல்லை.
"தொரை வந்தா மட்டும் குனியிற ஆளு மாதிரி"
என்றாள் ரெங்கமணி. அதற்குச் சிரித்த சிரிப்பு
படத்துக்குச் சிரித்ததை விடப் பெரிது.

அப்போதுதான் டனுஷிகா, ஏழு வயது,
வாயில் பிஸ்கட்டோடு சொன்னாள்:
"அந்த மாமா ஆட்டப் பாக்கல."

பின்னே?

"ஆட்டுக்கு மேல பாக்குறாரு."

மறுபடி ஓட்டினேன்.
உண்மை. அவர் திட்டுகிறார், கெஞ்சுகிறார்,
ஆடு காலண்டருக்குத் திரும்பும்போது
விம்மி விம்மி அழுகிறார்.
கண்கள் மட்டும்
கொம்புக்கு நாலு விரல் மேலே
ஒன்றுமில்லாத ஓரிடத்தில்.

"ஆட்டைப் பொறகுதான் வரைஞ்சிருப்பாங்க.
உசரம் சரியாச் சொல்லியிருக்க மாட்டாங்க,"
என்றார் அவள் அப்பா கமலநேசன்.
அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

"அம்மாவும் போன்ல அப்படித்தான்,"
என்றாள் டனுஷிகா. "குவைத்துல இருந்து.
என்னப் பாக்காம என் நெத்திக்கு மேல பாப்பாங்க."

ரெங்கமணி கோப்பைகளை அடுக்கினாள்.
அடுக்கியதையே திரும்ப அடுக்கினாள்.

கரண்டு இருந்ததால் இரண்டாம் தடவை போட்டோம்.
கதை தெரிந்த பிறகு
சிரிப்பு கொஞ்சம் முன்னாலேயே வந்தது,
தொப்பி பறப்பதற்கு முன்பே தொப்பிக்கு.
பாட்டு வந்தது. ரொசாரி சொன்ன சொல் காத்தார்.

கடைசிக் காட்சி.
அவர் மண்டியிட்டு அழத் தொடங்க
டனுஷிகா எழுந்து
வெளிச்சத்துக்குள் நடந்தாள்.
வாங்கில் ஏறிக் கையை உயர்த்தினாள்,
கொஞ்சம் இறக்கினாள்,
இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்.
சேலையில், கொம்புக்கு நாலு விரல் மேலே,
ஐந்து விரல் நிழல்.

அவர் நேராக அதைப் பார்த்தார்.
அழுதபடியே
என்னவோ சொன்னார் அந்தக் கையிடம்,
விளங்காத அந்தப் பாஷையில்.

"ஏய், மறைக்காத புள்ள, உக்காரு!"
என்றார் அப்போதுதான் விழித்த ரொசாரி.

யாரோ இருட்டில் அவர் தொடையில்
ஓங்கி ஒன்று வைத்தார்கள்.